ரெண்டும் ஒண்டுதானே

என் மருமகன் என் முகத்தை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தது, கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருடம் கழித்து. அதுவும் ஆங்கிலத்தில்.

வெளியூர்க்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த மகள் எங்கும் போவதில்லை, மருமகன்தான் வருவார். பெண் பிள்ளை பிறந்தவுடனேயே அதற்கு ஒரு வீடு வேண்டுமே என்ற யோசனையும் பிறந்துவிடும். கல்லடியில் வாவியை நோக்கி இறங்குகிற ஒழுங்கையில், என் அம்மா எனக்குத் தந்த வளவில், நானும் என் கணவரும் கட்டிய வீட்டை மகளின் பெயருக்கு எழுதினோம். எழுதிக் கொடுத்த கையோடு பெரிய அறையைக் காலிசெய்து, குசினிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்கு மாறினோம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீடு கைமாறும், ஆட்கள் கலைவதில்லை. ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்றவர்கள்தான் எங்கள் ஊரில் வயது போகப் போகக் கவலைப்படுவார்கள். என் கணவர் தவறியபோது அழ வந்த பக்கத்து வீட்டுக்காரி, அழுகைக்கு நடுவிலேயே, "உனக்கென்னகா, பொம்புளப் புள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். நானும் அதை நம்பினேன்.

அப்படி வருகிற மருமகனுக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு மறைப்பு இருக்கும். ஒரே கூரை, ஒரே பானைச் சோறு, ஆனால் முகம் பார்த்துப் பேச்சு இல்லை. அவர் முன் விறாந்தைக்கு வந்தால் நான் குசினிக்குப் போவேன். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வேன். "சோறும் ஆணமும் ஆறுது" என்று குசினிச் சுவருக்குச் சொன்னால் முன்னால் கதிரை நகருகிற சத்தம் கேட்கும், அவர் கை கழுவப் போவார். "மழை இருட்டுது, கொடியில உடுப்புக் கிடக்கு" என்று முற்றத்துக்குச் சொன்னால் உடுப்பு உள்ளே வந்துவிடும். பதில் எப்போதும் பேத்திக்குத்தான் வரும். "அப்பா எடுத்திட்டார் எண்டு அம்மம்மாட்டச் சொல்லுங்க மகள்." பேத்தி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்திலும் அவளுக்குத்தான் சொல்வார்.

நான் ஒன்றும் அடுப்படியிலேயே கிடந்தவள் அல்ல. ஓய்வு பெறும்வரை அரச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒவ்வொரு நாளும் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குப் போய், ஆம்பிளைகளோடு மேசைக்கு மேசை வாதாடிவிட்டு வருவேன். வாதமெல்லாம் சொற்களைப் பற்றித்தான். வெள்ளம் வந்தால் ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வரும். கூரை போனவர்களுக்கு உதவி கொடுப்பது பற்றி ஒரு முறை 'மே' என்று இருக்கும், இன்னொரு முறை 'ஷால்' என்று இருக்கும். 'மே' என்றால் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். 'ஷால்' என்றால் கொடுத்தே ஆகவேண்டும். பக்கத்து மேசைக்காரர் இரண்டையும் 'வழங்கப்படும்' என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். வவுணதீவிலிருந்து சனங்கள் அந்தத் தமிழை நம்பி வந்து, வெயிலில் நின்று, வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். அவரிடம் கேட்டால், "ரெண்டும் ஒண்டுதானே அக்கா" என்பார். எனக்கு உச்சிக்கு ஏறும். "ரெண்டும் ஒண்டெண்டா ரெண்டு சொல் எதுக்கு? ஒண்டக் குப்பையில போடுங்களன்" என்று கத்துவேன். எனக்குப் பின்னால் அங்கே என்னை 'ரெண்டு சொல்லக்கா' என்று கூப்பிட்டார்கள் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் காதுக்கு வந்தது. நல்ல பெயர்தான். அதைவிட மோசமான பெயர்களோடு அங்கிருந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் வாய் காட்டியவள், வீட்டுக்கு வந்தவுடன் சுவரோடு பேசினேன். எனக்கே சில நேரம் சிரிப்பு வரும். ஆனால் அந்த மறைப்பில் ஒரு வசதியும் இருந்தது. முகம் பார்க்காதவர்களுக்குச் சண்டை பிடிக்க வழியில்லை.

மருமகன் களுவாஞ்சிக்குடிப் பக்கம், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. குறை சொல்ல முடியாத மனிதர். குடி இல்லை, ஊர் சுற்றல் இல்லை, இரவு வேலை முடிந்து வந்தாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் படுப்பார். விலைவாசி ஏறிய காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே கதையாகப் போயிற்று. யார் போயிட்டார், யார் போகப் போறார், யாருக்கு விசா கிடைத்தது. அவரோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக லண்டனுக்குப் போனார்கள். எங்கள் ஊரில் இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். இவரும் போவதற்கு வேலை செய்கிறார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்தார்கள். குளிர் உடுப்பு எங்கே மலிவு என்று மகள் தொலைபேசியில் யாரிடமோ கேட்டாள். நானும் ஒன்றும் கண்ணில் படாதவள் மாதிரி இருந்தேன். சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் குசினியில் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அதுவும் போகப் போகிறோம் என்று இல்லை, அவருக்குப் பரீட்சை பிழைத்துவிட்டது, தேறவில்லை என்று. லண்டனுக்குப் போக ஆங்கிலப் பரீட்சை ஒன்று இருக்கிறது, கொழும்புக்குப் போய் எழுத வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் அவர் தேறிவிட்டார். நேரில் இருந்து பேசுகிற பகுதியில்தான் போய்விட்டது.

"ஒரு வெள்ளக்கார அம்மாவாம். உங்கட வயசு இருக்குமாம். இவர் நிலத்தப் பாத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கார். அவ எதக் கேட்டாலும் ஓம், இல்ல எண்டு நிப்பாட்டிட்டாராம். எனக்கு அவட முகத்தப் பாக்கவே ஏலாமப் போச்சு எண்டு சொல்றாரம்மா."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்து இறாலைப் பார்த்தேன். ஏழு வருடம் என் முகத்தைப் பார்க்காமல் பழகிய பழக்கம் கொழும்பில் அவர் காலை வாரிவிட்டிருக்கிறது. அந்த வெள்ளைக்காரியை அவர் மாமியாக்கி மரியாதை கொடுத்திருக்கிறார். அவள் அதற்குப் புள்ளியைக் குறைத்திருக்கிறாள்.

மகள் விடவில்லை. "நீங்கதானம்மா இவர முன்னால இருத்திக் கதைக்க வைக்கோணும். படிப்பிக்கத் தேவையில்ல. அந்த வெள்ளக்காரி மாதிரி இருந்து கேள்வி கேட்டாக் காணும்."

"என்ட முகத்த அவர் பாக்க மாட்டாரே."

"அதுக்குத்தானம்மா கேக்கிறன்."

என் வேலியை வெட்ட என்னிடமே கத்தி கேட்கிறாள். ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் நகரத்தில் ஒரு வகுப்பைத் தேடிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் ஓம் என்றது அதற்காக இல்லை. அந்த வீட்டில் அப்போது எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார்கள். பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், அங்கே அரிசி கிடைக்குமா, மோட்டார் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது. "அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. மகள் கேட்க மாட்டாள், கேட்டால் அழுதுவிடுவாள். மருமகன் கேட்க வழியில்லை, மறைப்பு. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் அந்த மனிதனால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

முன் விறாந்தையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை எதிரெதிராகப் போட்டு, நடுவில் ஒரு சின்ன மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, மகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். மருமகன் முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கும் வேர்த்தது. சேலைத் தலைப்பை இரண்டு தரம் சரிசெய்துவிட்டு, "லுக் அட் மீ" என்றேன்.

தமிழில் அதை நான் சொல்லியிருக்க மாட்டேன். என்னைப் பாருங்க என்று ஒரு மாமி மருமகனிடம் சொல்வதா? நாக்குப் புரளாது. ஆங்கிலத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. மாமியும் இல்லை, மருமகனும் இல்லை. 'யூ' என்று ஒரு சொல்தான், அதற்குள் யாரையும் போடலாம். அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். வெட்கத்தில் கண் கலங்கியிருந்தது. இடது கன்னத்தில் ஒரு மச்சம். ஏழு வருடம் என் கையால் சாப்பிட்ட மனிதனுக்குக் கன்னத்தில் மச்சம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்து வருகிற பின்னேரங்களில் அப்படியே உட்கார்ந்தோம். நான் வெள்ளைக்காரி, அவர் பரீட்சைக்காரர். படிப்பிக்க வேண்டாம் என்றுதான் மகள் சொன்னாள், ஆனால் பிழையான சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் வாவியைப் பற்றிச் சொல்வார். விடியக்காலையில் தோணியில் ஒரு ஆள் வலை இழுப்பதைச் சொன்னார். "லோன்லி ஃபிஷர்மன்" என்றார். நான் நிறுத்தினேன். அவன் 'அலோன்', 'லோன்லி' இல்லை என்றேன். 'அலோன்' கண்ணால் பார்த்துச் சொல்கிற சொல். பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். 'லோன்லி' உள்ளுக்குள் இருப்பது. பக்கத்தில் ஆள் இல்லையே என்று மனம் வாடுவது. கரையில் நின்று அதைச் சொல்ல முடியாது, அவனைக் கேட்டால்தான் தெரியும் என்றேன். அவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கேட்டால்தான் தெரியும் என்பதை ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

'கோ', 'லீவ்' இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தன. 'கோ' என்றால் போகிற இடத்தில் கண். 'லீவ்' என்றால் விட்டுப் போகிற இடத்தில் கண், அதில் பின்னால் ஏதோ ஒன்று கிடக்கிறது என்று சொன்னேன். வேண்டுமென்றுதான் அந்த உதாரணத்தை எடுத்தேன். அவர் தலையை ஆட்டி, "ஐ சீ" என்றார். ஒன்றும் காணவில்லை.

அங்கே என்ன வேலை என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லம், பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் இருப்பதால் தாய் தகப்பனை அங்கே விட்டிருப்பார்கள், அவர்களைக் குளிக்கவார்த்து, மருந்து கொடுத்து, பேச்சுத் துணையாகவும் இருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொன்னார். பிழையே இல்லை. 'கெயார் அபவுட்' என்று ஒரு இடத்தில் வந்தது, அதை மட்டும் திருத்தினேன். நீங்கள் செய்யப் போவது 'கெயார் ஃபோர்', அது கைவேலை. 'கெயார் அபவுட்' மனதுக்குள் நடப்பது. முதலாவதற்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்பக்கமிருந்து மகள் எட்டிப் பார்த்தாள், மாமியும் மருமகனும் சிரிக்கிறார்களே என்று அவளுக்குப் பெரிய சந்தோசம். எனக்கும் கொஞ்ச நேரம் சந்தோசமாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாகச் சிரிக்கிற ஒரு மனிதனோடு ஏழு வருடம் சுவர் வழியாகப் பேசியிருக்கிறோமே என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கதிரையை எடுத்து வைக்கும்போது, இன்றைக்குக் கேட்பார் என்று இருக்கும். கேட்க மாட்டார். பரீட்சையில் கேட்கிறவர் வெள்ளைக்காரி, பதில் சொல்கிறவர் பரீட்சைக்காரர். பரீட்சைக்காரர் கேள்வி கேட்பதில்லை.

பரீட்சைக்குப் போவதற்கு முந்தின பின்னேரம், நானே கேட்டேன். கேள்விப் புத்தகத்தை மடியில் திறந்து வைத்து, அதில் இல்லாத கேள்வியை வாசிப்பது மாதிரிக் கேட்டேன். "நீங்கள் வெளிநாடு போனால், உங்கள் குடும்பத்தில் வயதானவர்களுக்கு என்ன ஆகும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் யோசித்தார். நான் பழக்கிவிட்டது மாதிரியே முதுகை நேராக வைத்து, கையை மேசையில் வைத்து, என் கண்ணைப் பார்த்துத் தொடங்கினார். என் குடும்பத்தில் என் மாமி இருக்கிறார் என்றார். மாமி என்று தமிழில் இல்லை, 'மை மதர் இன் லோ' என்றார், எதிரில் இருக்கிறவளை வேறு ஆளாக்கி. அவர் படித்தவர், ஓய்வூதியம் இருக்கிறது, நல்ல வீடு இருக்கிறது, அயலில் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைப்போம். சிலர் வயதானவர்களைப் 'பேர்டன்' என்பார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், 'ரெஸ்பொன்சிபிலிட்டி' என்பேன். அவர் தனியாகத்தான் இருப்பார். "ஷீ வில் பி அலோன், பட் நொட் லோன்லி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த இரண்டு சொற்களையும் சரியான இடத்தில் வைத்துவிட்டேன், பார்த்தீர்களா என்ற பிள்ளைச் சந்தோசம் அது. கேட்டால்தான் தெரியும் என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாரே, அதை எங்கே போட்டாரோ. கேட்டீங்களா மருமகன், என்னை ஒரு தரமாவது கேட்டீங்களா என்று தமிழில் வாய்வரை வந்தது. தமிழில் வந்தபடியால்தான் வாயைத் தாண்டவில்லை. தமிழில் நான் மாமி.

"வெரி குட்" என்றேன். எழும்பிக் குசினிக்குப் போனேன். கோபம் வந்தால் எனக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அவர் தேறிவிட்டார். பேசுகிற பகுதியில்தான் ஆகக் கூடின புள்ளி. மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் உங்களாலதானம்மா" என்றாள். உண்மைதான். அன்றைக்கு மத்தியானம் நான் சோற்றைப் போட்டுவிட்டு, சுவருக்குச் சொல்கிற பழக்கம் விட்டுப்போனதில், விறாந்தையைப் பார்த்து "லஞ்ச் இஸ் ரெடி" என்றேன். அவர் எழும்பினார், ஆனால் நிலத்தைப் பார்த்தபடி என்னைத் தாண்டிப் போய்க் கை கழுவினார். "அம்மம்மாவையும் சாப்பிடச் சொல்லுங்க மகள்" என்று பேத்திக்குச் சொன்னார். பரீட்சை முடிந்துவிட்டது. மறைப்புப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் ஊர் வழக்கத்தில் அதுதான் மரியாதை. நானும் அதற்குப் பிறகு சுவருக்கே சொன்னேன்.

அவர்கள் போன அன்று ஒழுங்கையில் வேன் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி உட்பட நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மகள் அழுத அழுகையில் நான் அழ மறந்துபோனேன். மருமகன் பெட்டிகளை ஏற்றிவிட்டு என் காலில் விழுந்து எழும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மம்மாட்டப் போயிட்டு வாறம் எண்டு சொல்லுங்க மகள்" என்றார். பேத்தி சொன்னாள். விமான நிலையத்திலிருந்து அவர் பேரில் ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது, ஆங்கிலத்தில். நன்றி சொல்லி, "வி ஹோப் யூ வில் விசிட் அஸ்" என்று முடித்திருந்தார். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'ஹோப்' என்றால் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி. 'எக்ஸ்பெக்ட்' என்று அவர் போடவில்லை. 'விசிட்' என்றால் வந்தவர் திரும்பிப் போகவேண்டும். 'கம் அண்ட் லிவ்', வந்து எங்களோடு இருங்கள் என்று போடவில்லை. ஒரு வரியில் இரண்டு கதவை இவ்வளவு மரியாதையாகச் சாத்த முடியும் என்றால், நான் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.

நான் இன்னும் சின்ன அறையில்தான் படுக்கிறேன். பெரிய அறை மகளுடையது, அவளுடைய அலுமாரி இருக்கிறது, வாரத்துக்கு ஒரு தரம் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவேன். ஆணம் வைத்தால் மூன்று நாளைக்குக் கிடக்கிறது. சுவருக்குச் சொல்லப் பேச்சு இல்லை. இருந்தால் யாராவது அந்தப் பக்கத்தில் கேட்க வேண்டுமே. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உனக்கென்னகா, புள்ள லண்டன்ல" என்றாள். அவளுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். மூன்று பேரும் மாமியார் வீடுகளில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள்.

மகள் ஒவ்வொரு நாளும் வீடியோவில் வருகிறாள், அதில் குறை சொல்ல முடியாது. மருமகன் பின்னால் நடந்து போவது தெரியும். "அம்மா சாப்பிட்டாங்களா எண்டு கேளுங்க" என்று அவர் சொல்வதும் கேட்கும். மகள் கேட்பாள். "சாப்பிட்டன் எண்டு சொல்லு" என்பேன். கடல் தாண்டியும் சுவர் அப்படியே இருக்கிறது, இப்போது அதற்கு என் மகளின் முகம்.

ஒரு நாள் அவள் பெருமையாகச் சொன்னாள். "இவர அங்க கிழவிகளுக்கெல்லாம் நல்ல விருப்பமாம். பக்கத்தில இருந்து, கையப் பிடிச்சு, கண்ணப் பாத்துக் கதைக்கிறது இவர் ஒருத்தர்தானாம். என்ட மகன் எண்டு ஒரு கிழவி எல்லாருக்கும் சொல்லித் திரியுதாம்."

எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன். அந்தப் பார்வை என் விறாந்தையில், என் முகத்தில் பழகின பார்வை. அந்தக் கிழவி அவரிடம் என்ன கேட்பாள், அவர் அவளிடம் என்ன கேட்பார் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். கட்டாயம் கேட்பார். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகள் வந்தார்களா, மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறதா என்று. அது அவருடைய வேலை.

போன மாதம் மகள் புதிதாக ஒன்று கேட்டாள். தனக்கும் ஆங்கிலம் பழக்க வேண்டுமாம். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள், அதற்கு மேல் போகத் தெரியவில்லையாம். கடையில் நிற்கவும் பயமாம். "இவருக்கு மாதிரி எனக்கும் கேள்வி கேளுங்கம்மா, நான் பதில் சொல்றன்." எனக்குப் பின்னேரம் ஆகும்போது அங்கே பகல். நான் விறாந்தையில் அதே கதிரையில் உட்கார்ந்து, எதிரில் இருந்த கதிரையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தேன்.

பெயர், ஊர், குடும்பம் எல்லாம் கேட்டேன். தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அவள் கம்பளிச் சட்டைக் கைகளை விரல்வரை இழுத்து விட்டிருந்தாள். பின்னால் ஒரு ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். மத்தியானத்துக்கே லைட் போட்டிருந்தாள். ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பரீட்சைக் கேள்விதான், எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன் என்றாள். சமைப்பேன் என்றாள். அவருக்கு நீண்ட வேலை என்றாள். பிறகு, சொல்லைத் தேடி மேலே பார்த்துவிட்டு, "மோர்னிங் டு ஈவ்னிங் ஐ ஆம் அலோன்" என்றாள்.

வசனத்தில் பெரிய பிழை இல்லை. ஆனால் அவள் முகம் வேறு சொல்லைச் சொன்னது. நான் பெற்ற முகம், அதை வாசிக்க எனக்கு எந்த அகராதியும் தேவையில்லை. கேட்டால்தான் தெரியும் என்று நானே ஒருவருக்குச் சொன்னவள். ஆகவே கேட்டேன்.

"அலோனா மகள், லோன்லியா?"

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு சிரிக்கப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்டுதானேம்மா."

முப்பது வருடம் அந்த வசனத்தைக் கேட்டுக் கத்தியவள் நான். ரெண்டும் ஒண்டெண்டா ரெண்டு சொல் எதுக்கு என்று அலுவலகம் அதிர நின்றவள். எதிரில் இருந்த கதிரையையும் அதில் சாய்ந்திருந்த என் பிள்ளையின் முகத்தையும் பார்த்தேன். பூட்டிக் கிடந்த பெரிய அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம் மகள்," என்றேன். "ரெண்டும் ஒண்டுதான்."